பழைய டிவிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனது

லாரி இனி வராது என்று எனக்குச் சொன்னது அதன் டிரைவர்தான். பேரூராட்சியிலிருந்து ஒருவரும் சொல்லவில்லை. காலையில் கொட்டகையைத் திறந்து, புதிதாக வந்த டிவிகளைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தங்கச்சி, இந்தத் தடவ எனக்கு லோடு போடலம்மா. கேட்டா, அந்தத் திட்டமே முடிஞ்சு போச்சுங்கிறாக. ஒங்களுக்கு யாரும் சொல்லலயா?"

"முடிஞ்சதுன்னா? கொட்டகை நெறஞ்சு கெடக்கே அண்ணே."

"எனக்கு அவ்வளவுதாம்மா தெரியும்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. நல்ல மனிதர். ஒவ்வொரு தடவை வரும்போதும் என் உம்மா கையால் ஒரு டீ குடிக்காமல் போகமாட்டார்.

கீழக்கரையைத் தாண்டிக் கடலோரமாகப் போனால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. பாதி வீடுகளில் ஆண்கள் சவுதியிலோ கத்தாரிலோ இருக்கிறார்கள். என் கணவரும் அப்படித்தான். விடுமுறையில் வருகிறவர்கள் எல்லாம் ஏதாவது ஒரு மின்சாமானைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் காலத்து டேப்ரெக்கார்டரில் ஆரம்பித்து, பெட்டி டிவி, டிவிடி பிளேயர், பிறகு போன், அதன்பின் அதைவிடப் பெரிய போன். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டிவியும் மிக்சியும் வேறு. படகு வைத்திருக்கிறவர்கள் வீட்டில் பழைய பேட்டரிகளும் வேலை செய்யாத ஜி.பி.எஸ் கருவிகளும் கிடக்கும். உப்புக்காற்றில் எதுவுமே நெடுநாள் உழைக்காது. கெட்டுப்போனதை யாருக்கும் தூக்கிப்போட மனசு வராது. பரணில் ஏற்றுவார்கள். பரண் நிறைந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொள்வார்கள். அவரிடமிருந்து வயரெல்லாம் கடற்கரைக் கருவேலங்காட்டுக்குப் போகும். அங்கே வைத்து எரித்து, உள்ளே இருக்கிற காப்பரை எடுப்பார்கள். மிச்சத்தை அங்கேயே போட்டுவிடுவார்கள்.

இதையெல்லாம் முறையாகச் சேகரித்து அனுப்புவதற்கு அரசு நிதி ஒதுக்கி, சோதனையாகச் சில ஊர்களில் ஆரம்பித்தபோது எங்கள் ஊரும் அதில் வந்தது. நான் மகளிர் குழுவில் இருந்தேன். பேசத் தெரியும், வீடு வீடாக ஏறி இறங்கக் கூச்சப்படமாட்டேன் என்று என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். மீன் ஏலம் விடுவதற்குக் கட்டி, பயன்படாமல் கிடந்த கொட்டகையைக் கொடுத்தார்கள். நாங்கள் சேர்த்துப் பிரித்து வைப்போம். லாரி வந்து சென்னைக்கு அருகே உரிமம் பெற்ற ஆலைக்கு எடுத்துப் போகும். அந்த லாரி வாடகையும் எங்கள் கூலியும்தான் திட்டத்தின் செலவு. வேறு பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது.

வேலையில் என்னோடு ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தவர்கள். மழை இல்லாமல் மிளகாய் தொடர்ந்து பொய்த்தபின் கடற்கரைக்குப் பிழைக்க வந்தவர்கள். கருவேலங்காட்டில் வயர் எரித்தது அந்த அண்ணன்தான். நான் முதல்முறை அங்கே போனபோது மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, எரிகிற வயர்ச் சுருளைக் கம்பியால் புரட்டிக்கொண்டிருந்தார். கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம்போல் இருந்தன. கொட்டகைக்கு வேலைக்கு வரச் சொன்னதும் சிரித்தார்.

"கெவர்மெண்டு வேல எத்தன நாளைக்குத் தங்கச்சி? இது எங்கயும் போகாது. நெருப்பு வச்சா காப்பரு."

திரும்பத் திரும்பப் போனேன். முதலில் வந்தது அவர் மனைவிதான். அவள் என்னைவிடச் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். பிறகு அவளே அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். பல மாதம் அவர் கொட்டகையில் உட்கார்ந்து திருப்புளியால் பெட்டிகளைக் கழற்றினார். இருமல் நன்றாகக் குறைந்துவிட்டது. "இப்பத்தான்க்கா அவுகளுக்குச் சோறு தொண்டையில எறங்குது" என்று அவள் சொன்னபோது, எனக்கு அந்த வேலையின்மேல் வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

டிரைவர் போன் செய்த அன்றே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். செயல் அலுவலர் உட்காரச் சொன்னார். அவர் மோசமானவர் இல்லை. அதனாலேயே அவரிடம் சண்டை போட முடியவில்லை.

"ஒரு வருஷத்துக்குத்தாம்மா ஃபண்டு. அதுக்கப்புறம் அந்தந்த ஊரே சொந்தமா நடத்திக்கணும்னு ஆரம்பத்துலயே போட்டிருக்காங்க."

"அத எங்ககிட்ட யாரும் சொல்லலயே சார்."

"நீட்டிச்சுத் தருவாங்கன்னு நானும் நெனச்சேன். நமக்கு எங்கேருந்து வருது நிதி? தெரு விளக்கு பியூஸ் போனா மாத்தறதுக்கே நான் யார்கிட்டயாவது தொங்க வேண்டியிருக்கு."

"இனிமே வர்ற சாமான என்ன செய்ய?"

"வாங்காதீங்க."

"உள்ள இருக்கிறத?"

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "பாப்போம்மா" என்றார்.

வாங்காதீர்கள் என்று சொல்வது சுலபம். வருஷம் முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, பரணில் வைக்காதீர்கள், எரிக்கிறவர்களுக்குப் போடாதீர்கள், எங்களிடம் கொடுங்கள் என்று தொண்டை வற்றப் பேசியவள் நான். அதற்கு முன் ஒரு குடமாவது கிடைத்தது அவர்களுக்கு. நான் எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் கொடுத்தார்கள். இப்போது பழகிவிட்டது. நான் காலையில் கொட்டகைக்குப் போவதற்குள் வாசலில் இரண்டு மிக்சியும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும் இருக்கும். யார் வைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. மழையில் நனையவிட முடியுமா? உள்ளே எடுத்து வைப்பேன்.

ஒரு திங்கட்கிழமை ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கிருந்தவரும் பொறுமையாகத்தான் கேட்டார். "உங்க ஊர்ல ரொம்ப நல்லா நடந்திருக்குன்னு ரிப்போர்ட் இருக்கே. அடுத்த வருஷத்துக்குக் கேட்டிருக்கோம், வரும்" என்றார். அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன். பாதுகாப்பாக வைத்திருக்கச் சொன்னார். திரும்பி வரும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து துப்பட்டியை வாயில் அழுத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, யாரும் மவுத்தா, இறந்துட்டாகளா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஒரு கொட்டகைக் குப்பைக்காக அழுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

அண்ணனும் அவர் மனைவியும் கூலி இல்லாமலே கொஞ்ச காலம் வந்தார்கள். லாரி வரும் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் அனுப்புவதில் கிள்ளி அவர்களுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தேன். அதை எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும்? ஒருநாள் வேலை முடிந்து கதவைப் பூட்டும்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், வைய மாட்டீகளே?"

"என்னம்மா?"

"வயர மட்டும் குடுத்திருங்க. அங்கன கொண்டு போயி எரிச்சுக்கிறோம். மத்தத நாங்க தொடல."

நான் பூட்டில் சாவியை வைத்தபடியே நின்றேன். அது அரசாங்கச் சொத்து என்றேன். எரிக்காமல் இருக்கத்தானே இவ்வளவும் செய்தோம் என்றேன். "ஊரு பூரா சொல்லிருக்கேம்மா, இதுல ஒரு துண்டு கூட எரியாதுன்னு. நானே எடுத்துக் குடுத்தா அவக மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"ஊருக்குச் சொன்னது இருக்கட்டும்க்கா" என்றாள். "எங்களுக்கு ஒண்ணு சொன்னீகளே? எரிக்கிறத விட்டுட்டு வாங்க, நான் இருக்கேன்னு?"

குரலை உயர்த்தவே இல்லை. அண்ணன் கொஞ்ச தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். கேட்காததுபோல் நின்றாரே தவிர, எல்லாம் கேட்டிருக்கும். நான் பூட்டைப் பூட்டினேன். மறுநாள் அவர்கள் வரவில்லை. மத்தியானம் கருவேலங்காட்டுப் பக்கம் கரும்புகை எழுந்தது. பழைய இரும்புக்காரரிடம் போய் மறுபடி கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கடல்காற்று அதை நேராக ஊருக்குள் கொண்டு வந்தது. காயப்போட்ட துணியை எடுக்க வெளியே வந்த பெண்கள் என் வீட்டைப் பார்த்து, "எரிக்க மாட்டாங்கன்னு சொன்னியே" என்றார்கள். அதே கேள்வியைப் பள்ளிவாசல் தெருவில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில் எங்கு போனாலும் கேட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விரிசல் இருந்தது. வாளி வைத்துப் பார்த்தேன், தார்ப்பாய் கட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில் போன் பேட்டரிகளைத் தனியாகப் பெட்டியில் வைத்திருந்தோம். அவை லாரியில் முதலில் போக வேண்டியவை. ஒவ்வொன்றாக அப்பம்போல் உப்ப ஆரம்பித்தன. உப்பினது எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வெளியே எடுத்து வைக்கவும் பயம், உள்ளே விடவும் பயம்.

அன்று மதிய லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நான் உம்மாவுக்குச் சோறு போட வீட்டுக்குப் போயிருந்தேன். கூப்பாடு கேட்டது. ஓடி வந்து பார்த்தால் கொட்டகைக் கதவிடுக்கில் வெள்ளைப் புகை. அவசரத்தில் வேறு சாவியை நுழைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த யாரோ சாவியைப் பிடுங்கித் திறந்தார்கள். பேட்டரிப் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. சின்னச் சின்னதாக வெடித்துத் தீப்பொறி தெறித்தது. தொழுகைக்கு வந்தவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரை மணலை அள்ளிக் கொட்டினார்கள். கருவேலங்காட்டிலிருந்து அந்த அண்ணனும் மண்வெட்டியோடு ஓடி வந்தார். அவர்தான் எரிகிற பெட்டியை மண்வெட்டியால் இழுத்து வெளியே தள்ளியவர். தள்ளிவிட்டு முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்து இருமினார். மறுபடியும் பழைய இருமல். அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல்.

கொட்டகை தப்பியது. ஆனால் ஊர் பயந்துவிட்டது. பக்கத்தில் பால்வாடி இருக்கிறது. இதை உடனே எடுக்க வேண்டும் என்று ஜமாஅத்திலும் பேசினார்கள், மீனவர் சங்கத்திலும் பேசினார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. செயல் அலுவலர் நேரில் வந்து பார்த்தார். ஊருணிக்கு மேற்கே புறம்போக்கில் ஜேசிபி வைத்துக் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்துவிடுவது என்று முடிவானது.

"சார், அந்தப் பக்கந்தான் நல்ல தண்ணிக் கெணறே இருக்கு. டிவிக்குள்ள ஈயம் இருக்குன்னு ஊரு பூரா நான் பாடம் நடத்திருக்கேன்."

"தெரியும்மா. எனக்கு மட்டும் ஆசையா? மேட்டு நிலம் வேற இல்ல. லாரிக்கு ஒரே ஒரு தடவ வாடகை குடுங்கன்னு மேல கேட்டுப் பாத்துட்டேன். திட்டம் முடிஞ்சதுக்கு எந்தத் தலைப்புல குடுக்கறதுன்னு கேக்குறாங்க. வர்ற வெள்ளிக்குள்ள காலி பண்ணியாகணும்."

வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன். உம்மா சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. பைத்தியக்காரத்தனம் என்று அப்போதே தெரிந்தது. இருந்தாலும் வேறு எதுவும் தோன்றவில்லை. வாங்கிய வீடுகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன? இத்தனை வருஷம் பரணில் கிடந்ததுதானே, அடுத்த நிதி வரும்வரை கிடக்கட்டும். மண்ணுக்குள் போகாமல் இருந்தால் போதும்.

என் கணவரிடம் போனில் சொன்னேன். "ஒனக்கு என்ன கோட்டி புடிச்சிருச்சா புள்ள? நாலு பேரு சிரிப்பாக" என்றார்.

"சிரிக்கட்டும் மச்சான். கெணத்துல எறங்காம இருந்தாப் போதும்."

"நம்ம வீட்ல எவ்வளவு வைக்க முடியுமோ வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் வீட்டின் கதவைத் தட்டினேன். வருஷத்துக்கு முன் அதே வாசலில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசியிருக்கிறேன். அந்த வீட்டுப் பெண் முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லதுன்னுதான குடுத்தோம்? இப்ப வெசம்னு சொல்லித் திருப்பிக் குடுக்க வர்றியா? எம்புள்ளைக ஓடியாடுற வீட்ல வைக்கவா?" என்றாள். கதவு சாத்தப்பட்டது. அடுத்த வீட்டில், பரணை இடித்துப் புது அறை கட்டியாகிவிட்டது என்றார்கள். இன்னொரு வீட்டில், உன் கூலியை வாங்கிக்கொண்டு எங்கள் தலையில் கட்டுகிறாயா என்றார்கள். கூலி நின்றது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

தெருக்கோடியில் தனியாக இருக்கிற, நாங்கள் லாத்தா என்று கூப்பிடுகிற வயதான அக்கா ஒருவர் மட்டும் நான் சொல்லி முடிப்பதற்குள் கதவை அகலத் திறந்தார். அவருடைய கணவர் சவுதி தம்மாமிலிருந்து கொண்டு வந்த பெட்டி டிவி அது. அவர் மவுத்தாகிப் பல காலம் ஆகிறது. "எடுத்துட்டு வா. அது இருந்த எடம் சும்மாதான் கெடக்கு" என்றார். தூக்கி வந்து வைத்ததும் துப்பட்டியால் கண்ணாடியைத் துடைத்தார். "குடுத்தன்னிலேருந்து மனசு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்றார். அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். ஒரு படகுக்காரர் தன்னுடைய இரண்டு பேட்டரிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். இன்னும் சில பேர் வந்தார்கள். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நெருங்கியது. கொட்டகையில் குறைந்ததே தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் ட்ரைசைக்கிளோடு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. டிவிகளை ஏற்ற ஆரம்பித்தார். நான் கைகாட்டிய வீடுகளுக்கு மிதித்தார். யாரும் வாங்காதவை என் வீட்டுக்கு வந்தன. கூடத்தில் அடுக்கினோம், பிறகு படுக்கையறையில், பிறகு கட்டிலுக்கு அடியில், பிறகு உம்மா தொழுகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லா மூலையிலும். வெயில் ஏறியதும் அவரால் மிதிக்க முடியவில்லை. ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்து இருமிக்கொண்டே நின்றார்.

"போதும் அண்ணே. விடுங்க."

"இன்னும் எவ்வளவு கெடக்கு தங்கச்சி."

கொட்டகையில் மிச்சம் இருந்ததைப் பார்த்தேன். டிவிகளின் பின்னே, கடைசி லாரி போனபின் அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்து கட்டி வைத்த வயர்ச் சுருள்கள் கூரை வரைக்கும் இருந்தன. நாளைக்கு அதுவும் குழிக்குத்தான் போகும். நான் குனிந்து முதல் சுருளைத் தூக்கி அவருடைய வண்டியில் போட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

"எடுத்துக்கங்க அண்ணே. ஊருக்குள்ள புகை வராம தள்ளி வச்சு எரிங்க. மூக்க நல்லாக் கட்டிக்கங்க."

நான் ஒவ்வொன்றாக ஏற்றினேன். அவர் மனைவி வந்து சேர்ந்து ஏற்றினாள். அவள் கை என் கையில் பட்டபோது ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். நன்றியா வருத்தமா என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. கணவனின் நெஞ்சுக்குள் போகிற புகையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். வேறு வழி இருந்தால் அவளும் செய்திருக்கமாட்டாள், நானும் செய்திருக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜேசிபி வந்தது. மிச்சத்தைக் குழியில் தள்ளியபோது பிக்சர் டியூப்கள் ஒவ்வொன்றாக டப் டப்பென்று உடைந்தன. மண்ணைப் போட்டு மூடி, மேலே வண்டியை ஏற்றி இறக்கி அமுக்கினார்கள். மறுவாரம் பெய்த மழையில் அந்த இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் எடுப்பதில்லை. வெளியே வாங்குகிறோம். வாங்க முடியாதவர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். அவர்களிடம் குடிக்காதே என்று சொன்னால் வேறு எதைக் குடிப்பது என்று கேட்பார்கள். நான் சொல்வதில்லை.

அண்ணன் இப்போது மாதத்தில் பாதி நாள் ராமநாதபுரத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருகிறார். அவர் மனைவி தனியாக எரிக்கிறாள்.

அடுத்த வருஷம் நிதி வந்தது. எங்கள் ஊருக்கு இல்லை. புதிய ஊர்களுக்கு, மறுபடியும் சோதனையாக. நன்றாக நடத்தியவள் என்று என்னையே ராமேஸ்வரத்தில் நடந்த பயிற்சிக்குப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். லாரி நின்றதையும் குழி தோண்டியதையும் அப்படியே சொன்னேன். பயிற்சியை நடத்தியவர், "அதெல்லாம் பின்னால பாத்துக்கலாம், வீட்டுக்காரங்ககிட்ட எப்படிப் பேசுறதுன்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது பயிற்சிக்கு வந்த ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். அவளுக்கு ஊர் அக்காள்மடத்துப் பக்கம். அவள் புருஷன் கடலில் அடிபட்டு வீட்டோடு கிடக்கிறாராம்.

"அக்கா, அப்ப நான் இந்த வேலைக்குச் சேரவா, வேண்டாமா?"

"ஒரு வருஷம் முடிஞ்சா லாரிக்கு யாரு குடுப்பாகன்னு மொதல்ல கேளும்மா. பதில் வாங்காம ஒரு வீட்டு வாசல்லயும் ஏறாத."

"அப்படிக் கேட்டா எனக்கு வேலையே குடுக்க மாட்டாகளேக்கா" என்றாள்.

பஸ் வரும்வரை அவள் என் பக்கத்திலேயே நின்றாள்.